கண்ணும் கோடும்

ஓவியக் கல்லூரியின் முதலாண்டு வகுப்பில் முதல் நாள் பெரும்பாலும் ஒரே வகையாகத்தான் தொடங்கும். மாணாக்கர் ஒவ்வொருவர் முன்னும் ஒரு வரைபலகை இருக்கும். அதன்மேல் ஒரு வெள்ளைத் தாள் பொருத்தப்பட்டிருக்கும். ஆசிரியர் கூடத்தின் நடுவே ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்து வைப்பார். வேலைப்பாடு மிக்க நாற்காலி அன்று அது. எந்த அலுவலகத்திலும் காணத்தக்க பழைய நாற்காலியே. "கண்டவாறு வரையுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் சன்னலருகே ஒதுங்கி நின்றுவிடுவார். அரைமணி கழித்துத் தாள்களையெல்லாம் தொகுத்துச் சுவரில் வரிசையாக மாட்டினால் ஒரு புதுமை தோன்றும். மாணாக்கர் கூடத்தைச் சுற்றிலும் வெவ்வேறு இடங்களில் அமர்ந்திருந்தனர். ஒருவர் கண்டது நாற்காலியின் முதுகை. ஒருவர் கண்டது அதன் விலாப்புறத்தை. மூலையில் இருந்தவர் கண்டது ஒரு காலையும் அதன் பின்னே மறைந்த மற்றொரு காலின் நுனியையுமே. ஆயினும் தாள்களில் இருப்பதோ ஏறத்தாழ ஒரே நாற்காலி. அதன் இருக்கை, கூரையிலிருந்து எட்டிப் பார்த்தாற்போல முழுச் சதுரமாக இருக்கும். கால்கள் நான்கும் ஒரே நீளம் உடையனவாய், ஒரே கோட்டில் அடி ஊன்றி நிற்கும். இப்படி ஒரு நாற்காலி உலகில் எங்கும் நின்றதில்லை, நிற்கவும் முடியாது.

மாணாக்கர் பொய் வரைந்தார்கள் என்று சொல்லலாகாது. அவர்கள் தாம் அறிந்ததை வரைந்தார்கள். நாற்காலிக்கு நான்கு கால் உண்டு என்பது அறிவு; அவை சம நீளம் உடையன என்பது அறிவு; இருக்கை சதுரம் என்பதும் அறிவே. ஆனால் கண்ணுக்குத் தோன்றும் இருக்கை சதுரம் அன்று. சாய்ந்து நசுங்கிய ஒரு வடிவம் அது. அருகில் உள்ள கால் நீண்டும், அப்பால் உள்ள கால் குறுகியும் தோன்றும். கண் இதனைக் காட்டிக்கொண்டேயிருக்கிறது. அறிவு இடைமறித்து, "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிடுகிறது. கையோ அறிவின் சொல்லைக் கேட்கிறது.

பந்தியில் அமர்ந்து உண்ணும்போது எதிர்வரிசையில் இருப்பவரின் தட்டை நோக்குக. அது வட்டம் என்றுதான் எவரும் சொல்வர். உண்மையில் கண்ணில் படுவது, ஒரு மாவடுவை நீளவாட்டில் வைத்தாற்போன்ற ஒடுங்கிய வடிவமே. வேப்பமர நிழலில் நிற்பவன் அணிந்துள்ள சட்டை வெண்மை என்பர். அவன் சட்டையில் உண்மையாகத் தெரிவது பசுமையும் நீலமும் கலந்த ஒரு மங்கல். இராமேசுவரத்துக் கோயிற் பிரகாரத்தில் நின்று தூண்வரிசையைப் பார்ப்பவர், கடைசித் தூண் விரலளவாய்ச் சுருங்கி நிற்பதைக் கண்ட பின்னரும், அத்தூண்கள் யாவும் ஓர் உயரமே என்று எண்ணியபடி நடந்து செல்வர். வாழ்க்கைக்கு இவ்வறிவு வேண்டியதே. எதிரே வரும் பேருந்து தொலைவில் சிறுத்துத் தோன்றுவதைக் கண்டு அதனை விளையாட்டுப் பொருளென்று எண்ணினால் உயிர் பிழைப்பது எங்ஙனம்? தோற்றத்தைத் தள்ளிப் பொருளைக் கொள்ளுமாறு மனம் பழகியிருப்பது நன்மைக்கே. வரையும்போது மட்டும் அந்தப் பழக்கம் குறுக்கே நிற்கிறது.

குழந்தைகளிடம் இஃது இன்னும் தெளிவாக விளங்கும். குழந்தை கண்டதை அன்று, அறிந்ததையே வரைகிறது என்பதனைப் பிரெஞ்சு அறிஞர் லூக்கே என்பவர் 1927இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். வீடு வரையும் குழந்தை, சுவருக்குள் இருக்கும் பானையையும் சேர்த்து வரையும். அதற்கு அதனால் நாணம் இல்லை. எட்டு, பத்து வயது ஆகும்போதுதான் துன்பம் தொடங்குகிறது. தான் வரைந்தது பொருளைப்போல் இல்லையே என்ற ஐயம் அப்போது பிறக்கிறது. வழி காட்டுவார் இல்லாதபோது பெரும்பாலோர் அந்த வயதிலேயே கோலைக் கீழே வைத்துவிடுகின்றனர். பின்பு பதினெட்டு வயதில் ஒரு வரைபலகையின்முன் அமரும்போது, அவர்கள் கையில் இருப்பது பத்து வயதுப் பிள்ளையின் வரைவுதான். பதினெட்டு வயது உள்ளத்திற்கு அது பெரும் நாணத்தைத் தருகிறது. அதனால்தான் முதல் வாரத்தில் மாணாக்கர் பலர் இடக்கையால் தாளை மறைத்துக்கொண்டே வரைகின்றனர்.

"ஐயா, எனக்குக் கை வராது" என்பான் ஒருவன்.

"தம்பி, உன் பெயரை எழுது, பார்ப்போம்" என்பார் ஆசிரியர்.

அவன் எழுதுவான். பெயரில் ஓர் இகரமோ ஞகரமோ இருந்துவிட்டால் வாதம் அத்துடன் முடிந்துவிடும். 'இ' என்னும் எழுத்தில் எத்தனை வளைவுகள்! உள்ளே ஒரு சுழி. மேலே ஒரு வளைவு. கீழே இறங்கித் திரும்பும் ஒரு கோடு. இத்தனையையும் மூன்றாம் வகுப்பிலேயே வழுவின்றி எழுதிய கைக்கு நாற்காலியின் நேர்கோடுகள் அரியவையா? நாள்தோறும் வைகறையில் வாயிலில் கோலமிடும் பெண்கள், புள்ளிகளைச் சுற்றிக் கம்பிபோல் இழையோட விடுகின்றனரே. அவர்களுள் ஒருத்தியை அவள் வீட்டுப் பசுவை வரையச் சொன்னால், "எனக்கு வராது" என்றே சொல்லுவாள். கையின்மேல் குற்றம் இல்லை. பிழை நிகழ்வது கைக்கு மேலே, கண்ணுக்கும் அறிவுக்கும் இடையில்.

ஆகவே ஓவியக் கல்லூரியின் முதல் ஆசிரியர் கற்பிக்க வேண்டுவது ஒரு கைத்திறன் அன்று. சிறிது நேரத்திற்கு அறிவை வாய்மூடச் செய்து கண்ணைப் பேசவிடும் வழி ஒன்றையே அவர் கற்பிக்க வேண்டும். சொற்பொழிவால் இது வாராது. "உள்ளபடி பார்" என்று நூறு முறை சொன்னாலும், தான் உள்ளபடி பார்ப்பதாகவே மாணாக்கன் நம்பிக்கொண்டிருப்பான். அறிவு தானே தோற்றுப் பின்வாங்கும்படியான ஒரு பயிற்சியை அமைத்துக் கொடுத்தால்தான் உண்டு. அத்தகைய பயிற்சிகளைக் கண்டறிந்தவர் சிலர் வரலாற்றில் உள்ளனர்.

அவர்களுள் முதலில் வைக்கத் தக்கவர் ஜான் ரஸ்கின். 1904இல் தென்னாப்பிரிக்காவில் இரயிற்பயணத்தின்போது ஒரு நூலைப் படித்துக் காந்தியடிகள் தம் வாழ்வையே மாற்றிக்கொண்டார் என்பதை மாணவர் அறிவர். அந்நூலின் ஆசிரியர் இவரே. அதனை எழுதுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1854ஆம் ஆண்டின் இறுதியில், இலண்டன் மாநகரில் தொழிலாளர்களுக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கப்பெற்றது. பகலெல்லாம் பட்டறையிலும் அச்சுக்கூடத்திலும் கடையிலும் உழைத்தவர்கள் மாலையில் அங்கே வந்து பயின்றனர். செல்வர் வீட்டில் பிறந்து, கலை பற்றிய நூல்களால் புகழ்பெற்றிருந்த ரஸ்கின், ஊதியம் பெறாமல் அவர்களுக்கு வரைதல் கற்பிக்க முன்வந்தார்.

அவர் தொடக்கத்தில் கொடுத்த பாடம் யாது தெரியுமா? வெண்மையான ஓர் உருண்டை! அதனை ஒளி ஒருபுறமாகப் படும்படி வைத்து வரையச் சொன்னார். பார்வைக்கு இதனினும் எளிய பொருள் இல்லை. ஆனால் வரையத் தொடங்கியவர் திகைத்துப் போவர். உருண்டையின்மேல் கோடு என்பது எங்கும் இல்லை. ஓரிடத்தில் ஒளி; அதிலிருந்து நூலிழையளவாய் மங்கி மங்கி, ஓரிடத்தில் இருள்; இருளின் ஓரத்திலும் தரையிலிருந்து எழும்பிய ஒரு சிற்றொளி. ஒளி எங்கே முடிந்து நிழல் எங்கே தொடங்குகிறது என்று சுட்டிக் காட்ட முடியாது. "உருண்டை என்றால் வட்டம்" என்னும் அறிவு இங்கே ஒரு பயனும் தாராது. வட்டம் போட்டால் அது தட்டாகவும் இருக்கலாம், வளையமாகவும் இருக்கலாம். உருண்டையாக்குவது நிழலின் படிகள்தாம். அப்படிகளைக் கண்டாலன்றித் தச்சனாலோ எழுத்தனாலோ அதனை வரைய இயலாது. கோட்டைத் தேடி வந்தவனுக்குக் கோடே இல்லாத பொருளைக் கொடுத்தது ரஸ்கினின் நுண்மை.

பின்னர் அவர் கூழாங்கற்களையும் இலைகளையும் பறவைகளின் இறகுகளையும் தாதுக்கற்களையும் வகுப்பிற்குக் கொண்டுவந்தார். 1857இல் தொடக்க மாணாக்கருக்கென்று அவர் வெளியிட்ட நூலிலும் கல் ஒன்றினை வரைவது சிறப்பிடம் பெறுகிறது. கல்லுக்கு இலக்கணம் இல்லை. ஒரு கல்லைப்போல் மற்றொரு கல் இராது. ஆகவே மனத்தில் முன்கூட்டியே இருக்கும் வடிவத்தை எடுத்து ஒட்டிவிட முடியாது. ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

அக்காலத்து இங்கிலாந்தில் அரசினர் நடத்திய வரைகலைப் பள்ளிகள் வேறு வழியில் சென்றன. அங்கே மாணாக்கர் அச்சிட்ட கோட்டுருவங்களைப் பார்த்துப் படியெடுத்தல் வேண்டும். படிப்படியாக வகுத்த கட்டங்களை வரிசையாகக் கடத்தல் வேண்டும். கோடு தூய்மையாக இருந்தால் போதும். தொழிற்சாலைகளுக்கு வேண்டிய வடிவங்களை அமைப்போரை உண்டாக்குவதே அதன் நோக்கம். அந்த முறை கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. சென்னையில் 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் அண்டர் தொடங்கிய கலைப்பள்ளியிலும், கல்கத்தாவிலும் பம்பாயிலும் பின்பு எழுந்த பள்ளிகளிலும் அதன் சாயல் நெடுங்காலம் படிந்திருந்தது. அந்தச் சென்னைப் பள்ளியே இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாகத் திகழ்கிறது.

படியெடுத்தலை முற்றிலும் பழிப்பதும் பொருந்தாது. வின்சென்ட் வான்கோவின் கதையை அறிந்தவர் அவ்வாறு செய்யார். அவர் ஓவியராவது என்று உறுதி பூண்டது 1880இல். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. கலைப்பொருள் விற்கும் நிலையத்திலும் பள்ளியிலும் புத்தகக் கடையிலும் வேலை பார்த்து, சமயத்தொண்டும் செய்து, எதிலும் நிலைபெறாமல், பெல்சிய நாட்டு நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வறுமையில் உழன்றுகொண்டிருந்தார். அந்நிலையில் சார்லஸ் பார்க் என்பவர் பிரான்சில் வெளியிட்டிருந்த வரைகலைப் பயிற்சித் தாள்களை வரவழைத்தார். அவற்றுள் கரிக்கோல் பயிற்சிக்குரிய தாள்கள் 60. அத்தனையையும் வரைந்து முடித்து, மீண்டும் தொடக்கத்திலிருந்து வரைந்தார். ஓவியராகப் புகழ்தரும் பணிகளைச் செய்து முடித்த பின்னும், இறப்பதற்குச் சில திங்கள் முன், 1890இல், அதே தாள்களை அனுப்புமாறு தம் தம்பிக்கு எழுதினார். ஆனால் தாளைப் பார்த்து வரைவது மட்டும் போதாது என்பதை அவர் விரைவில் கண்டுகொண்டார். 1882இல் ஹேக் நகரில் இருந்தபோது ஒரு மரச்சட்டம் செய்வித்து, அதன் குறுக்கே நூல்களைக் கட்டி, இரண்டு கழிகளில் பொருத்தி, கடற்கரைக்கும் வயலுக்கும் தூக்கிச் சென்றார். சட்டத்தினூடே நோக்கினால், நூலோடு ஒப்பிட்டு, எது சாய்ந்திருக்கிறது, எது எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை ஐயமின்றிக் காணலாம். இன்றும் முதலாண்டு மாணாக்கர் அட்டையில் ஒரு சாளரம் வெட்டி, நூல் கட்டி, அதே வேலையைச் செய்கின்றனர்.

1886இன் தொடக்கத்தில் வான்கோ ஆன்ட்வெர்ப் நகரத்துக் கலைக்கழகத்தில் சேர்ந்தார். சில வாரங்களே இருந்தார். அங்கிருந்து அவர் பாரிசுக்குப் புறப்பட்டுச் சென்ற பிறகு ஆசிரியர் குழு கூடி, அவரைத் தொடக்க வகுப்பிற்கு இறக்குவதென்று முடிவு செய்தது! அப்போது அவர் ஆறாண்டுகள் இடைவிடாது வரைந்திருந்தார். அவ்வாசிரியர்களை எள்ளி நகையாடுவது இன்று எளிது. ஒழுங்கான கோட்டையே நல்ல வரைவு என்று கொண்டவர்களுக்கு அவருடைய முரட்டுக் கோடுகள் பிழையாகத் தோன்றியிருத்தல் கூடும். எதனைப் பிழை என்று கொள்வது என்னும் வினா ஓவிய ஆசிரியரை விட்டு ஒருநாளும் நீங்குவதில்லை.

அமெரிக்காவில் நியூயார்க்கு நகரத்து ஓவிய மாணவர் சங்கப் பள்ளி 1875இல் தோன்றியது. அங்கே மதிப்பெண் இல்லை, பட்டமும் இல்லை, விரும்பியவர் விரும்பிய ஆசிரியரிடம் சேரலாம். அப்பள்ளியில் ஆசிரியராய் இருந்த கிமான் நிக்கோலெய்டீஸ் 1938இல் மறைந்தார். அவர் வகுத்த பாடமுறை 1941இல் நூலாக வெளிவந்தது. அவர் முதலில் கொடுக்கும் பயிற்சி புதுமையானது. மாணாக்கன் பொருளுக்கு மிக அருகில் அமர வேண்டும். அதன் விளிம்பில் ஓர் இடத்தில் பார்வையை நிறுத்த வேண்டும். பென்சிலின் முனை தாளில் படவில்லை, அந்தப் பொருளையே தொடுகிறது என்று மனத்தில் உறுதியாக எண்ண வேண்டும். அவ்வெண்ணம் வந்த பின்பே கோடு தொடங்கலாம். கண் எறும்புபோல் விளிம்பின்மீது மெல்ல ஊர, கோலும் அதே விரைவில் ஊர வேண்டும். இத்தனை நேரமும் தாளைப் பார்க்கலாகாது.

முடிந்தபின் தாளைப் பார்த்தால் வகுப்பே சிரிக்கும். மூக்கு ஓரிடத்தில், வாய் ஓரிடத்தில், காது தோளுக்கும் கீழே! ஆசிரியரும் உடன் சிரிப்பார். அந்தச் சிரிப்பால் விளையும் பயன் பெரிது. எல்லார் தாளும் கோணலாய் இருக்கையில் எவனும் தன் தாளை மறைப்பதில்லை. சிரிப்பு அடங்கிய பின் ஆசிரியர் அத்தாள்களில் ஒன்றை எடுத்து ஓர் அங்குல இடத்தை மட்டும் சுட்டிக் காட்டுவார். அங்கே விரல் மடியும் இடத்துச் சுருக்கம் ஒன்று, முதல் நாள் வரைந்த எந்தத் தாளிலும் இல்லாத உயிர்ப்போடு இருக்கும். அதனை வரைந்தவனுக்கே அது வியப்பாக இருக்கும்.

இதற்கு நேர்மாறான பயிற்சியும் அவரிடம் உண்டு. மாதிரியாக நிற்பவர் ஒரு நிலையில் ஒரு நிமிடமே நிற்பார், உடனே மாறிவிடுவார். அதற்குள் விளிம்பை வரைய நேரம் ஏது? அவர் எப்படி இருக்கிறார் என்பதை விட்டு, என்ன செய்கிறார் என்பதைக் கிறுக்கிக் காட்ட வேண்டும். குனிகிறாரா, எட்டுகிறாரா, சுமக்கிறாரா? சந்தையில் மூட்டை தூக்குபவரைத் தொலைவிலிருந்து கண்டே "தூக்குகிறார்" என்று உணர்கிறோமே, அந்த உணர்ச்சியைத் தாளில் இறக்குவது இது. மெல்ல ஊர்ந்து காணும் பார்வையும் ஒரே வீச்சில் காணும் பார்வையும் மாறி மாறிப் பயிலப்பட வேண்டியவை. இரண்டில் ஒன்றை மட்டும் பயின்றவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடப்பவனை ஒப்பான்.

பிற்காலத்தில் இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர் பெட்டி எட்வர்ட்ஸ் என்னும் அம்மையார். கலிபோர்னியாவில் பள்ளி ஆசிரியராய் இருந்தபோது, தம் மாணவர் கண்முன் இருப்பதை ஏன் காண்பதில்லை என்று அவர் வருந்தினார். ஒருநாள் ஒரு கோட்டோவியத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்து அவ்வாறே படியெடுக்கச் செய்தார். வரைந்து முடித்துத் திருப்பிப் பார்த்தபோது, நேராக வைத்து வரைந்ததைக் காட்டிலும் அது பன்மடங்கு செம்மையாய் இருந்தது. காரணம் கேட்டபோது, தலைகீழாய் இருந்ததனால் எதை வரைகிறோம் என்றே தெரியவில்லை என்று அவர்கள் விடையிறுத்தனர். இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ? மூக்கு என்று தெரியாதபோது கோடு கோடாகத் தெரிந்தது; தெரிந்தவுடன் கை அதனை எழுதிற்று. பின்பு அவர் பல்கலைக்கழக ஆசிரியராகி, 1979இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். மூளையின் வலப்பாதியே வரைகிறது என்று அவர் கூறிய காரணத்தை இன்றைய அறிவியலார் அப்படியே ஏற்பதில்லை. இரு பாதிகளும் சேர்ந்தே தொழிற்படுகின்றன என்பர். காரணம் மாறினும் பயிற்சி பயன் தருகிறது. நீங்களும் ஒரு படத்தைத் தலைகீழாக வைத்து வரைந்து பார்த்தால் இதனை உணரலாம்.

அவர் வலியுறுத்திய மற்றொன்று வெற்றிடத்தை வரைதல். நாற்காலியை வரையாதே, அதன் கால்களுக்கு இடையே தெரியும் சுவரின் துண்டுகளை வரை என்பது பாடம். அத்துண்டுகளுக்குப் பெயர் இல்லை. பெயரில்லாத ஒன்றைப்பற்றி அறிவுக்குச் சொல்ல எதுவும் இராது. ஆகவே மாணாக்கன் வேறு வழியின்றி அதன் வடிவத்தைப் பார்க்கிறான். வெற்றிடங்களை எல்லாம் வரைந்து முடித்ததும், நடுவில், வரையாமலே, நாற்காலி வந்து நிற்கும். அதன் பின்கால் குறுகி, இருக்கை நசுங்கி, அவன் அமர்ந்த இடத்திலிருந்து தோன்றியபடியே நிற்கும்.

இவையன்றி, வகுப்பில் அன்றாடம் வழங்கும் சிறு கருவிகளும் உண்டு. கையை முழுதும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளந்து, கட்டைவிரலை நகர்த்தி அளவைக் குறித்துக்கொள்வர். கொத்தனார் வைத்திருப்பதுபோல் நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, காதுக்கு நேர்கீழே தோள் வருகிறதா, குதிகால் வருகிறதா என்று பார்ப்பர். மனித முகத்தில் கண்கள் உச்சிக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவே உள்ளன என்பதைத் தொடக்க மாணாக்கர் எவரும் முதலில் நம்புவதில்லை. நெற்றியைக் குறுக்கிக் கண்ணை மேலே ஏற்றிவிடுவர். அளந்து பார்த்தபின்னரே வியந்து ஒப்புவர். நிழலின் அளவை அறியக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். சிறு வேறுபாடுகள் மறைந்து பெரியவை மட்டும் நிற்கும். ரப்பரை முதல் சில வாரங்களுக்கு வகுப்பினுள் விடாத ஆசிரியர்களும் உண்டு. தவறிய கோட்டை அழிக்காமல் அதன் அருகிலேயே சரியான கோட்டைப் போட்டால், எவ்வளவு விலகினோம் என்பது தாளிலேயே தெரிந்துகொண்டிருக்கும்.

மாணாக்கன் வரைந்த தாளின்மேல் ஆசிரியர் தாமே கோடிழுத்துத் திருத்துவது பல இடங்களில் வழக்கம். விரைவில் படம் நன்றாகிவிடும் என்பது உண்மையே. ஆனால் அந்தத் தாள் அதன்பின் அவனுடையதாக இராது. தாளின் ஓரத்திலோ வேறு தாளிலோ வரைந்து காட்டுவது மேல், அதனினும் மேலானது, "இந்தத் தோள் அந்தத் தோளைவிட உயர்ந்திருக்கிறதா? போய்ப் பார்" என்று வினவிவிட்டு அகல்வது. முதல் வாரத்திலேயே "உனக்குப் பிறவித்திறன் உண்டு" என்று ஒருவனைப் புகழ்வதும் தீங்காகலாம். அவன் அந்தப் புகழைக் காப்பதற்காகத் தெரிந்ததையே திரும்பத் திரும்ப வரைவான். அருகில் இருப்பவனோ தனக்கு அது இல்லையென்று முடிவுகட்டிவிடுவான். பிறவித்திறன் உண்டா என்றால், உண்டு. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அனைவரும் கவிஞர் ஆவதில்லை. அதுபற்றி எழுத்தறிவை எவரும் மறுப்பதுமில்லை. வரைதலின் தொடக்கப்பாடம் எழுத்தறிவை ஒத்தது.

மதிப்பெண் இடும் நாள்தான் கடினமானது. சிறுவயது முதல் ஓவியரிடம் பயின்று வந்தவன் ஒருவன்; அவன் பருவத்தின் இறுதியில் வரைந்ததும் முதல் நாள் வரைந்ததும் ஒன்றே. சிற்றூரிலிருந்து வந்து, கரித்துண்டையே இங்குதான் முதன்முதல் கண்ட ஒருத்தி, அவள் படம் இன்னும் முரடாய் இருக்கிறது, ஆனால் அவள் வரைந்த குடத்தின் வாய் இப்போது முழுவட்டமாய் இல்லை, கண்டபடி ஒடுங்கியிருக்கிறது. அழகைக் கொண்டு மதிப்பிட்டால் முன்னவனுக்கே மிகுதி. கற்றதைக் கொண்டு மதிப்பிட்டால்? தேதியிட்ட முதல் நாள் தாளையும் இறுதி நாள் தாளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆசிரியர்களே முதற்பருவத்தில் நேர்மையாக நடப்பவர்கள். மேல்வகுப்புகளில் அழகை எடைபோடக் காலம் உண்டு.

ரஸ்கினிடம் மாலைவேளைகளில் பயின்ற தொழிலாளர்களை ஓவியராக்குவது அவருடைய நோக்கம் அன்று. தச்சர் தச்சராகவே இருந்து, முன்னிலும் நன்றாகக் காண வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆயினும் சிலர் வாழ்வு திசைமாறியது. ஜார்ஜ் ஆலன் என்ற தச்சர் செதுக்கோவியராகி, பின்னர் ரஸ்கினின் நூல்களை வெளியிடும் பதிப்பாளரானார். அவர் பெயரைத் தாங்கி வளர்ந்த நிறுவனமே 1923இல் டாக்டர் இராதாகிருஷ்ணனின் இந்தியத் தத்துவ நூலின் முதற்பகுதியை இலண்டனில் வெளியிட்டது.

ஜான் புன்னி என்பவர் ஒரு புத்தகப் பதிப்பகத்தில் எழுத்தராய் இருந்தவர். அவரும் அந்த வகுப்பில் பயின்றவரே. பின்னாளில் அவர் இத்தாலிக்குச் சென்று வெனிசு நகரில் குடியேறினார். அங்கே புனித மார்க்கு பேராலயத்தின் தென்புறத்தைப் புதுப்பித்தபோது பழைய பளிங்குக் கற்கள் பல பெயர்த்தெடுக்கப்பட்டன. மேற்கு முகப்புக்கும் அந்நிலை நேருமோ என்று அஞ்சிய ரஸ்கின், அதனை உள்ளபடியே எழுதிவைக்குமாறு புன்னியைக் கேட்டுக்கொண்டார். 1877 முதல் அவர் சதுக்கத்தில் அமர்ந்து, தூண் தூணாக, கல் கல்லாக, ஒவ்வொன்றின் நிறத்தையும் நோக்கி எழுதினார். ஐந்தாண்டுகள் கழித்து, 1882இல், படம் நிறைவெய்திய அதே ஆண்டில் வெனிசிலேயே காலமானார். அவர் எழுதிய முகப்பு இங்கிலாந்தில் செபீல்டு நகரத்து ரஸ்கின் தொகுப்பில் இன்றும் இருக்கிறது.